நெகட்டிவைத் தூக்கிப் பிடியுங்கள்: கொழும்பில் பிலிமில் படம் எடுப்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

வட்ஸ்அப்பில் வந்த ஸ்கானை மட்டும் காட்டி "என்ன பிழை?" என்று கேட்டால் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. ஸ்கானர் இருண்டதை வெளுப்பாக்கும், சிவந்ததை நரைக்க வைக்கும். நடந்த தவறில் பாதியை மறைத்துவிட்டு, நடக்காத ஒன்றைச் சேர்த்தும் தரும். நெகட்டிவுக்கு அந்தக் குணம் இல்லை. ஆகவே றோலைக் கழுவக் கொடுக்கும்போதே "நெகட்டிவ் திருப்பி வேணும்" என்று சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் சில இடங்களில் அது குப்பைக்குத்தான் போகும்.

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது ஓரம். பல்துளைகளுக்குப் பக்கத்தில் பிலிமின் பெயரும் கட்ட எண்களும் தெரியும். அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை, உங்கள் கமெராவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. இரண்டாவது நாக்கு, அதாவது றோலைப் போடும்போது வெளிச்சம் பட்ட முன்பகுதி. அது முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். மூன்றாவது, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி. கறுப்பு வெள்ளையில் அது தெளிவாகவும், கலரில் ஒரே சீரான செம்மஞ்சளாகவும் இருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு குறியையும் இந்த மூன்று இடங்களோடு ஒப்பிட்டால், குற்றம் கமெராவிலா கழுவியதிலா என்பது பெரும்பாலும் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதுவும் தெரியாவிட்டால், இந்த ஊரில் முதல் சந்தேகநபர்கள் சூடும் ஈரப்பதமும்தான்.

றோல் முழுக்க வெறுமை

ஓர எழுத்துகள் கருமையாக இருக்கின்றன, கட்டங்கள் மட்டும் இல்லை என்றால் கழுவியதில் பிழையில்லை. பிலிமில் வெளிச்சமே படவில்லை. பத்துக்கு ஒன்பது தடவை நாக்கு சுருட்டும் தண்டில் பிடிபடாமல் நழுவியிருக்கும். எண்காட்டி 36 வரை போகும், ஆனால் பிலிம் இருந்த இடத்திலேயே கிடக்கும். றோல் போட்டு மூடியதும், திருப்பிச் சுற்றும் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெல்லச் சுற்றித் தளர்வை எடுத்துவிடுங்கள். அதன்பின் பிலிமை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும் நெம்பை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குமிழ் எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். சுழலவில்லையா, திறந்து மறுபடி மாட்டுங்கள். இரண்டு கட்டம் வீணாகும், அவ்வளவுதான்.

குமிழ் சுழன்றும் வெறுமை என்றால், கானனெட் போன்ற ரேஞ்ச்பைண்டர் கமெராக்களில் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்திருக்கலாம். அவற்றில் பார்வைக் கண்ணாடி வேறு, லென்ஸ் வேறு. மூடி இருப்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஓர எழுத்தும் இல்லை, நாக்கும் கண்ணாடி போல இருக்கிறது என்றால் டெவலப்பர், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் முதல் இரசாயனம், வேலை செய்யவில்லை. அது செத்துப்போயிருக்கும், அல்லது கடைசியில் படத்தை நிலைக்கவைக்கும் பிக்ஸரை முதலில் ஊற்றியிருப்பீர்கள். அந்த றோலை எந்த வகையிலும் மீட்க முடியாது. போத்தல்களில் பெரிய எழுத்தில் பெயரும் கலந்த திகதியும் ஒட்டுவது ஒன்றே மருந்து.

முழுக் கறுப்பு

ஓரம் முதல் ஓரம் வரை கறுப்பு என்றால் றோல் முழுவதும் வெளிச்சம் கண்டுவிட்டது. திருப்பிச் சுற்றாமல் பின்கதவைத் திறந்ததுதான் வழக்கமான காரணம். அப்படித் திறந்துவிட்டால் உடனே மூடிச் சுற்றி எடுத்துக் கழுவக் கொடுங்கள், எறிய வேண்டாம். சுருளின் உள்ளடுக்குகளில் முதலில் எடுத்த படங்கள் தப்பியிருக்கும்.

சிவப்பு, செம்மஞ்சள் கீற்று

கொழும்பில் பழைய எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கமெரா) வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் பார்க்கும் குறி இது. பின்கதவைச் சுற்றியிருக்கும் கறுப்பு ஸ்பொஞ்ச் நாற்பது வருடச் சூட்டிலும் ஈரத்திலும் உருகித் தார் போலாகிவிடும். விரலை வைத்துப் பாருங்கள். கறுப்பாக ஒட்டினால் காலம் முடிந்துவிட்டது.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க வழி உண்டு. கீற்று பல்துளைகள் வரை பரவியிருந்தால் வெளிச்சம் பின்கதவு வழியாக வந்திருக்கிறது. கட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் ஷட்டர், கண்ணாடிப் பெட்டி, அல்லது லென்ஸ் பக்கம். கலர் பிலிமில் நிறமும் சாட்சி சொல்லும். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் முதலில் சந்திப்பது சிவப்பை உணரும் படையை, அதனால் படத்தில் சிவப்பாக எரியும். முன்னாலிருந்து வந்தால் பெரும்பாலும் வெளிறிய வெள்ளை.

பக்கத்தைக் கணிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: பிலிமில் படம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழுகிறது. அச்சான படத்தின் இடப்பக்கத்தில் கீற்று இருந்தால், கமெராவைப் பின்னாலிருந்து பார்க்கையில் வலப்பக்கம், அதாவது கதவின் கீல் பக்கம். அதிகமாகக் கெடுவதும் அங்கேதான். படத்தின் மேல்விளிம்பில் கீற்று என்றால் கமெராவின் அடிப்பக்கக் காலுவாயை, அதாவது கதவு விளிம்பு பதியும் ஒடுங்கிய பள்ளத்தைப் பாருங்கள்.

மாற்றும் வேலை ஒரு மணி நேரம். வேண்டியவை: 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல், காது துடைக்கும் பஞ்சுக் குச்சி, ஒரு பக்கம் பசையுள்ள 2 மில்லிமீற்றர் கறுப்பு ஸ்பொஞ்ச், கறுப்புக் கம்பளி நூல், நான்கைந்து தென்னை ஈர்க்கு. முதலில் ஒரு துண்டுத் தாளை அளவாக வெட்டி ஷட்டர் திரைக்கு மேலே தொடாமல் மூடுங்கள். ஷட்டரில் தார் ஒட்டினால் பிறகு ஆயிரக்கணக்கில் செலவு. கமெராவைக் கவிழ்த்த நிலையில் பிடித்து வேலை செய்தால் பிசுக்கு உள்ளே விழாமல் கீழே விழும். ஈர்க்கைச் சரிவாக வெட்டி, அல்ககோல் தொட்டு, காலுவாயில் ஓட்டுங்கள். இரும்பு ஊசி வண்ணத்தைக் கீறும், ஈர்க்கு கீறாது. காலுவாய் வெறும் உலோகமாகத் தெரியும் வரை துடைத்துப் பத்து நிமிடம் காயவிடுங்கள். ஒடுங்கிய மேல், கீழ்க் காலுவாய்களுக்குக் கம்பளி நூலே ஸ்பொஞ்சைவிட நல்லது, ஏனென்றால் அது உருகாது. கீல் பக்கத்துக்கும் பூட்டுப் பக்கத்துக்கும் ஸ்பொஞ்சை 4 அல்லது 5 மில்லிமீற்றர் அகலக் கீற்றாக வெட்டி ஒட்டுங்கள். பசைப் பக்கத்தை நாக்கு நுனியால் ஈரமாக்கிக்கொண்டால் சரியான இடத்துக்கு நகர்த்தி வைக்கச் சில விநாடிகள் கிடைக்கும். கதவு மூடும்போது சற்று இறுக்கமாக இருக்க வேண்டும். இரண்டு கையால் அமுக்கினால்தான் மூடும் என்றால் ஸ்பொஞ்ச் தடித்துவிட்டது.

கண்ணாடி மேலே எழும்பி மோதும் இடத்திலும் ஒரு ஸ்பொஞ்ச் உண்டு. அதை மாற்றும்போது அதற்கு மேலேயுள்ள குவியத்திரையில் (நீங்கள் பார்க்கும் உருவம் விழும் திரை) அல்ககோல் படவே கூடாது. அது பிளாஸ்டிக், ஒரு துளியில் வெளுத்துவிடும்.

நிழலெல்லாம் சேறு, முகமெல்லாம் மண்

ஸ்கானில் கறுப்பு கறுப்பாக இல்லாமல் பச்சை கலந்த சாம்பலாகவும், மணல் தூவியது போலவும் இருந்தால் வெளிச்சம் போதவில்லை. நெகட்டிவில் நிழற்பகுதி வெறும் செம்மஞ்சளாகக் கிடக்கும். ஓர எழுத்துகளும் சேர்ந்து வெளிறியிருந்தால் மட்டுமே கழுவியவரைக் குறை சொல்லலாம்.

இங்கே அடிக்கடி காணும் காரணம் பற்றரி. ஒலிம்பஸ் ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்டி 101, கானனெட் முதலியவை 1.35 வோல்ற் பாதரசப் பற்றரிக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பற்றரி இப்போது இல்லை. அதே அளவில் கிடைக்கும் அல்கலைன் 1.5 வோல்ற் தரும், ஆகவே கமெராவின் ஒளிமானி உள்ளதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகக் காட்டி உங்களை அப்பெச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) மூட வைக்கும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் சிங்க்-எயார் பற்றரியை வாங்கி, சுற்றிவர ஒரு ரப்பர் வளையம் போட்டு வையுங்கள். அது 1.4 வோல்ற், இறங்காமல் நிற்கும். ஸ்டிக்கரைக் கழற்றியதும் அதன் ஆயுள் ஓடத் தொடங்கும், இரண்டு மூன்று மாதத்தில் மாற்ற வேண்டும். பென்ராக்ஸ் கே1000, நிக்கொன் எப்எம் போன்றவைக்கு இந்தக் கவலை இல்லை, சாதாரண எல்ஆர்44 போதும். ஆனால் கே1000-இன் மானிக்குச் சுவிட்சே கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் அது உறங்கும், போடாமல் அலமாரியில் வைத்தால் பற்றரி தீரும்.

பற்றரி சரி, மானியும் சரி, ஆனாலும் சேறு என்றால் மானி எதைப் பார்த்தது என்று யோசியுங்கள். மானிக்கு உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல். மாலை ஐந்தரைக்குக் காலிமுகத்திடலில் கடலைப் பின்னால் வைத்து ஆளை நிறுத்தினால் மானி கடலையும் வானத்தையும் படித்துவிட்டு ஆளைக் கரியாக்கும். ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் வெள்ளித் தேரும் அப்படித்தான். மின்குமிழும் வெள்ளியும் சேர்ந்து மானியை மயக்கும், தேர் பளிச்சென்று வரும், இழுப்பவர்கள் இருட்டில் போவார்கள். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் கருங்கல்லில் நடப்பது இதற்கு நேர்மாறு. கறுத்த கல்லைச் சாம்பலாக்கப் பார்த்து மானி வெளிச்சத்தை அள்ளிக் கொடுக்கும், வேட்டியில் இருக்கும் மடிப்பெல்லாம் வெள்ளைக்குள் கரையும்.

மூன்றுக்கும் ஒரே தீர்வு: படம் எடுக்கப்போகும் ஆள் மேல் விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் கையை நீட்டி, புறங்கையை மட்டும் மானியால் அளவெடுங்கள். நம் ஊர் மாநிறக் கை ஏறத்தாழ நடுத்தரச் சாம்பலுக்குக் கிட்ட வரும், அப்படியே வைக்கலாம். உள்ளங்கையை அளந்தால் ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டுங்கள். வெளிர் நிறக் கை என்றாலும் அதே ஒரு ஸ்டொப்.

மானியே இல்லாவிட்டால்: 400 ஐஎஸ்ஓ பிலிம், ஷட்டர் 1/500 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வெயில் எப் 16. மெல்லிய மேகம் எப் 11. மப்பு எப் 8. மரநிழல், கட்டட நிழல் எப் 5.6. புறக்கோட்டை நடைபாதைக் கடைகளின் படங்குக்கு உள்ளே போனால் ஷட்டரை 1/125-க்கு இறக்கி எப் 4. மாலை மங்கலை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். இந்த அகலாங்கில் சூரியன் ஏறத்தாழ நேராகக் கீழே விழும், மறைந்து இருபது நிமிடத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒரு அளவு என்று மாறிக்கொண்டிருக்கும். கலர் நெகட்டிவில் சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டொப் கூடுதலாகக் கொடுங்கள். அது இரண்டு மூன்று ஸ்டொப் கூடுதலைத் தாங்கும், ஒரு ஸ்டொப் குறைவைத் தாங்காது.

இரவில் பேரை வாவிக் கரையில் முக்காலி வைத்துத் தாமரைக் கோபுரத்தை எடுத்தவருக்கும் இதே சேறு வரும், காரணம் வேறு. நீண்ட நேரம் திறந்தால் பிலிமின் உணர்திறன் சோம்பிவிடும். இல்போர்ட் எச்பி5 என்ற கறுப்பு வெள்ளைப் பிலிமில் மானி 10 விநாடி சொன்னால் 20 விநாடி கொடுக்க வேண்டும்.

நிறம் சரியில்லை

மீன் கடையில் எடுத்த முகங்கள் நீலமாக இருந்தால் பிலிமைக் குறை சொல்லாதீர்கள், மேலே பாருங்கள். நீலப் படங்கு வழியாக வந்த வெளிச்சம் நீலம்தான். கண் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், பிலிம் சரிக்கட்டாது. படங்கின் விளிம்புக்கு ஆளை ஓரடி நகர்த்துவதே தீர்வு.

கல்கிசையில் எடுத்த செக்கச் சிவந்த அந்தி, ஸ்கானில் வெறும் வெள்ளை வானமாக வந்தால் அது ஸ்கானரின் தானியங்கித் திருத்தம். நெகட்டிவில் வானப்பகுதி அடர்த்தியாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் "ஓட்டோ கரெக்‌ஷன் இல்லாமல், கொஞ்சம் தட்டையாக, டிப் (TIFF) கோப்பாக" மறுபடி ஸ்கான் பண்ணித் தரச் சொல்லுங்கள்.

காலாவதியான றோல் இந்தச் சூட்டில் வேகமாகக் கெடும். பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டொப் கூட்டிக் கொடு என்பது பிரிஜ்ஜில் இல்லாமல் சாதாரணமாக வைத்திருந்த பிலிமுக்கு ஒரு குத்துமதிப்பு. கடை அலமாரியில் வெயில் பட்டுக் கிடந்ததை அதுவும் காப்பாற்றாது.

மலிவாகக் கிடைக்கும் சினிமாப் பிலிமைச் சிறு றோல்களாகச் சுற்றி விற்கிறார்கள். கொடக் விஷன்3 வகையில் பின்புறம் கரிப்பூச்சு இருந்தால் அதைக் கலர் நெகட்டிவ் கழுவும் வழமையான சி-41 இயந்திரத்தில் போடக் கூடாது. பூச்சு கழன்று இரசாயனத் தொட்டியையும் மற்றவர்களின் றோல்களையும் கெடுத்துவிடும். கொடுக்கும்போது என்ன பிலிம் என்று சொல்லுங்கள். சொல்லாமல் தள்ளிவிட்டு வருவது ஏமாற்று. கரிப்பூச்சை எடுத்துவிட்டு விற்கும் சினிஸ்டில் வகையில், பஸ் முகவிளக்கைச் சுற்றிச் சிவப்பு ஒளிவட்டம் வருவது பழுதல்ல, பூச்சு இல்லாததன் விளைவு.

பாதிக் கட்டம் இருட்டு

பிளாஷ் போட்டு எடுத்தீர்களா? ஷட்டர் வேகம் கூடிவிட்டது. கே1000, கானன் ஏஇ-1 இரண்டுக்கும் 1/60-தான் எல்லை, பிந்திய எப்எம்2-க்கு 1/250. துணித் திரை பக்கவாட்டில் ஓடுவதால் இருட்டு நிமிர்ந்த பட்டையாக விழும், மேலிருந்து கீழ் ஓடும் உலோகத் தகட்டில் படுத்த பட்டையாக விழும்.

பிளாஷ் இல்லாமல், 1/1000-இல் மட்டும் ஒரு ஓரம் இருண்டால் திரைகள் ஒன்றோடொன்று ஒத்து ஓடவில்லை. எண்ணெய் இறுகியிருக்கும். பழுது பார்க்கக் கொடுக்கும் வரை 1/250-க்குக் கீழே எடுங்கள்.

ஏஇ-1 ஷட்டர் அழுத்தும்போது விசிலடித்தால் கண்ணாடியை ஆட்டும் பற்சக்கரம் எண்ணெய் கேட்கிறது. இன்றே நிற்காது, ஆனாலும் தள்ளிப்போட வேண்டாம். ஷட்டர் அசையவே இல்லையென்றால் அதன் 6 வோல்ற் பற்றரியை மாற்றிப் பாருங்கள். பற்றரி இல்லாமல் அந்தக் கமெரா ஒரு படமும் எடுக்காது.

கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று

நெம்பைப் பாதியில் விடாமல் முடிவு வரை ஒரே இழுப்பாக இழுங்கள். அப்படியும் ஏறினால் பற்சக்கரத்தில் தேய்வு. 36 முடிந்தபின் "இன்னும் ஒன்று வருமா" என்று பலமாக இழுத்துப் பல்துளையைக் கிழிப்பதே பலர் செய்வது. கிழிந்துவிட்டால் வெளிச்சத்தில் திறக்காமல் மாற்றும் பைக்குள் (கையை நுழைத்து வேலை செய்யும், வெளிச்சம் புகாத பை) வைத்து எடுங்கள்.

பால் பூசியது போல மங்கல்

படங்களில் முதல் இரண்டு மூன்று மட்டும் மங்கல், பிறகு தெளிவு என்றால் அது ஏசியின் வேலை. கொழும்பில் பனிபடுநிலை ஏறத்தாழ 23 முதல் 25 பாகை வரை நிற்கிறது. 22 பாகை அறையிலிருந்தோ ஏசி பஸ்ஸிலிருந்தோ கமெராவோடு வெளியே இறங்கிய கணத்தில் கண்ணாடியிலும் உள்ளே கண்ணாடிப் பெட்டியிலும் நீர் படியும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். அறையை விட்டு வெளிக்கிடும்முன் கமெராவைச் சிப் போட்ட பொலித்தீன் பையில் மூடி, வெளியே வந்து இருபது நிமிடம் பையோடே விடுங்கள். நீர் பைக்கு வெளியே படியும். பிரிஜ்ஜில் வைத்த பிலிமுக்கும் இதே சட்டம், டப்பாவைத் திறக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே வைக்க வேண்டும்.

எல்லாப் படமும் மங்கல், அதுவும் வெளிச்சத்துக்கு எதிராக எடுத்தவை மோசம் என்றால் லென்ஸைக் கழற்றுங்கள். அப்பெச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து கைபேசி டோர்ச்சை அடித்து முன்னாலிருந்து சற்றுச் சரித்துப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும். எண்ணெய்ப் படலம் முழுவதும் வெள்ளை மூட்டமாகத் தெரியும். சிலந்தி வலை போல, ஓரத்திலிருந்து நடுவுக்குக் கிளை விட்டுப் போனால் அது பங்கஸ். ஓரத்தில் இரண்டு நூல் இருப்பதால் படம் கெடாது. ஆனால் அது வளரும், பக்கத்து லென்ஸுக்கும் தாவ வாய்ப்புண்டு. பிரித்து வையுங்கள்.

வெளிக்கண்ணாடியில் இருந்தால் 3 வீத ஐதரசன் பெரொட்சைட்டை லென்ஸ் தாளில் நனைத்து நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைத்து, பிறகு அல்ககோலால் ஒரு தடவை துடைக்கலாம். பாமசியில் கிடைப்பதே போதும். கண்ணாடி மேல் நேராக ஊற்ற வேண்டாம், இடுக்கால் உள்ளே போகும். உள்க்கண்ணாடியில் இருந்தால் லென்ஸ் திறக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். துடைத்தபின்னும் நூல் தடம் தெரிந்தால் பங்கஸின் அமிலம் பூச்சைத் தின்றுவிட்டது, அது திரும்பாது.

வராமல் காப்பதுதான் மலிவு. ஈரப்பதம் 40 முதல் 50 வீதத்துக்குள் இருக்க வேண்டும், 30-க்குக் கீழே போனால் உள்ளே கிரீஸ் காயும். உலர் அலுமாரி வாங்க வசதி இல்லாவிட்டால், ரப்பர் விளிம்பு வைத்த 10 லீற்றர் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, 100 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. மணிகளின் நிறம் மாறியதும் தட்டில் பரப்பி 110 பாகை அவனில் இரண்டு மணி நேரம். அரிசிக்குள் புதைப்பது சும்மா கதை. அரிசித் தவிடுதான் லென்ஸுக்குள் போகும். தோற் கவருக்குள் மாதக்கணக்கில் வைப்பதோ அதைவிட மோசம், அது ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும் பஞ்சு. பெட்டியில் பூட்டிய லென்ஸைவிடக் கிழமைக்கு ஒருமுறை வெளியே போகும் லென்ஸ்தான் நெடுநாள் வாழும். வெயிலில் வைப்பதென்றால் துணி ஷட்டர் ரேஞ்ச்பைண்டரைச் சூரியனைப் பார்க்க வைக்க வேண்டாம். லென்ஸ் குவித்துத் திரையில் ஓட்டை போட்டுவிடும்.

வெள்ளவத்தைக் கடற்கரையில், றெயில் பாதை ஓரமாக நடந்து எடுத்த நாளில் மட்டும் மங்கல் என்றால் உப்பு. வீட்டுக்கு வந்ததும் பில்டரை முதலில் சற்றே ஈரமான துணியால், பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியை முதலில் வைத்தால் உப்புப் பளிங்கு கண்ணாடியைக் கீறும்.

கூர்மை மட்டும் இல்லை

ரேஞ்ச்பைண்டரில் எல்லாப் படமும் குறி தவறினால், லென்ஸை முடிவிலிக்கு வைத்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து தாமரைக் கோபுர உச்சிக் கம்பத்தைப் பாருங்கள். பார்வைக் கண்ணாடியில் தெரியும் இரட்டை உருவம் ஒன்றாகப் பொருந்த வேண்டும். 350 மீற்றர் உயரம், நகரில் பல இடங்களிலிருந்து தெரியும், இதைவிட வசதியான அளவுகோல் இல்லை. ஓடும் முச்சக்கரவண்டிக்குள்ளிருந்து எடுத்தால் 1/500-க்குக் குறைய வேண்டாம்.

வீட்டில் கழுவியதில் வந்தவை

கழுவும் தொட்டிக்குள் வைக்கும் பிளாஸ்டிக் சுருளில் பிலிம் ஏறவில்லை, பாதியில் சிக்குகிறது. கொழும்பில் வீட்டுக் கழுவலின் முதல் எதிரி இதுதான். மாற்றும் பைக்குள் ஐந்து நிமிடம் கை இருந்தால் உள்ளே ஆவிக் குளியல். பிலிமின் ஜெலற்றின் ஈரத்தில் ஊதிப் பிளாஸ்டிக் சுருளில் ஒட்டிக்கொள்ளும், பலமாகத் தள்ளினால் மடியும். கழுவியபின் கட்டத்தில் பிறை நிலா வடிவக் கறுப்புத் தடம் தெரிந்தால் அந்த மடிப்புதான். சுருளை முதல்நாளே கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்து, உள்ளிருக்கும் உருளைக் குண்டுகள் கிலுக்கென்று ஓடுகிறதா என்று ஆட்டிப் பாருங்கள். நாக்கை நேராக வெட்டி, இரண்டு மூலைகளையும் இரண்டு மில்லிமீற்றர் சரிவாக நறுக்குங்கள். முதல் ஐந்து சென்ரிமீற்றரை வெளிச்சத்திலேயே ஏற்றிவிட்டுப் பைக்குள் போங்கள், அந்த நாக்கு எப்படியும் கறுப்புத்தான். ஏசி அறை அல்லது விடியற்காலை. சிக்கினால் பிலிமைத் தொட்டியில் போட்டு மூடி, கையை வெளியே எடுத்து, முகம் கழுவிக் கை உலர்த்தி, தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். அவசரத்தில்தான் றோல் சாகிறது.

கரடுமுரடு, முரண் அதிகம், வானம் அடைத்துப்போய் இருக்கிறது. டெவலப்பர் சூடு. குழாய்த் தண்ணீர் 28, 29 பாகை இருக்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் 20 பாகை நேரத்தைக் கொடுத்தால் மிதமிஞ்சிக் கழுவப்படும். 20-க்கு இறக்கிப் பிடித்து வைப்பதும் இங்கே பெரும்பாடு. 24-ஐ இலக்காக வையுங்கள். எச்பி5 பிலிம், ஐடி-11 டெவலப்பர் 1+1 (ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர்) என்றால் 20 பாகையில் 13 நிமிடம், 24-இல் ஏறத்தாழ 9 நிமிடம். கலக்காத டெவலப்பரில் நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கிட்ட வந்துவிடும், அவ்வளவு குறைவில் ஊற்றும் வேகமே கறை விழுத்தும். அதனால் 1+1.

கணக்கு இப்படி: ஒரு 35 மில்லிமீற்றர் றோலுக்கு 300 மில்லிலீற்றர். 29 பாகையில் உள்ள டெவலப்பர் 150, 29 பாகைக் குழாய்த் தண்ணீர் 90, பிரிஜ்ஜில் 5 பாகையில் இருந்த தண்ணீர் 60. மூன்றும் சேர்ந்து 24-ஐ ஒட்டி வரும். வெப்பமானியை வைத்துப் பார்த்து ஒரு கரண்டி அங்கே இங்கே கூட்டிக் குறையுங்கள். தொட்டியை 23 பாகைத் தண்ணீர் நிறைந்த பேசினில் நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் ஒன்பது நிமிடத்துக்குள் ஏறிவிடும். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டொப் கரைசலுக்கு 5 வீத வெள்ளை வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. ஸ்டொப், பிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாமே 24-க்கு ஒன்றிரண்டு பாகைக்குள் இருக்கட்டும். நேரே குழாயடியில் பிடித்தால் ஜெலற்றின் சுருங்கி வலை போல வெடிக்கும் ஆபத்து, இப்போதைய பிலிமில் குறைவு என்றாலும், உண்டு.

கலருக்கு இந்தச் சூடு நண்பன். சி-41 டெவலப்பர் 38 பாகை, 3 நிமிடம் 15 விநாடி. 29-இலிருந்து 38-க்கு ஏற்ற ஒரு வாளி சுடுதண்ணீர் போதும்.

நெகட்டிவ் பால் போல ஒளிபுகாமல் இருக்கிறது. பிக்ஸர் களைத்துவிட்டது. வெட்டிய நாக்குத் துண்டொன்றை அதில் போட்டு, தெளிவாகும் நேரத்தை எண்ணுங்கள். அதன் இரண்டு மடங்குதான் பிக்ஸ் செய்யும் நேரம். புதிய கலவையில் எடுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் கொட்டிவிடுங்கள். பால் நிறத்தை மறுபடி புதுப் பிக்ஸரில் போட்டால் போகும், வெளிச்சத்திலும் செய்யலாம்.

விளிம்புகளைச் சுற்றிக் கோடு, பாதி நெகட்டிவ் பாதி பொசிற்றிவ் போல. டெவலப்பரில் இருக்கும்போது தொட்டிக்குள் வெளிச்சம் போயிருக்கிறது, மூடி சரியாகப் பூட்டவில்லை. இதையே வேண்டுமென்று செய்து பெயர் வாங்கியவர் கொழும்பின் லயனல் வென்ட் (1900–1944). உங்கள் றோலில் வந்தது கலையா கவனக்குறைவா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

காய்ந்தபின் வெள்ளைத் துளித் தடங்கள். களனி ஆற்றிலிருந்து வரும் கொழும்புத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமில்லை. யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் கழுவுகிறவர்களுக்குத்தான் இது பெரிய தொல்லை. இரண்டு இடத்திலும் கடைசி அலசலுக்கு வடித்த தண்ணீர் 500 மில்லிலீற்றரில் துளி தங்காமல் வழியவைக்கும் போட்டோ-புளோ 2.5 மில்லிலீற்றர். கூடினால் அதுவே கறை. மழைக்காலத்தில் காய நான்கு மணி நேரம் போகும். குளியலறையில் தொங்கவிட்டுக் கதவைச் சாத்துங்கள். பான் போட வேண்டாம். காய்ந்ததும் பொலிபுரொப்பிலீன் உறைக்குள். ஜெலற்றினைக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தின்னும்.

120 றோலில் எண்களும் புள்ளிகளும்

வானத்தில் மங்கலாக எண்களோ மணி மணியான புள்ளியோ தெரிந்தால், அது 120 என்ற அகலப் பிலிமோடு சேர்த்துச் சுற்றியிருக்கும் பின்தாளின் அச்சு பிலிமில் பதிந்தது. சூடும் ஈரமும் காரணம். எடுத்து முடித்த 120 றோலை வாரக்கணக்கில் பைக்குள் வைக்காமல் கழுவுங்கள்.

அலை அலையாக மூட்டம்

றோல் நெடுகிலும், கட்டங்களின் இடைவெளியிலும் சேர்த்து, சாம்பல் பட்டை அலை போல வந்து வந்து போனால் எக்ஸ்ரே. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற மாமா பிலிமைப் பெரிய பெட்டிக்குள் உடுப்போடு வைத்துக்கொண்டு வந்திருப்பார். பெட்டிக்குப் போடும் எக்ஸ்ரே பலமானது, ஒரு தடவையே போதும். கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய வகைக் கைப்பை இயந்திரம் 400 ஐஎஸ்ஓ வரை ஒன்றிரண்டு தடவைக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாது. புதிய சீ.ரி. (CT) ஸ்கான் இயந்திரம் எந்த பிலிமையும் கெடுக்கும், கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். றோல்களை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளே தெரியும் ஒரு பொலித்தீன் பையில் தனியாகப் போட்டுவைத்தால் வரிசையில் நின்று கேட்பது சுலபம்.